செடெனாக்கின் கூரைகள்: அனலாக் ஒளிபரப்பின் முடிவும் தோட்டப்புறத் தமிழ் வீடுகளும்

மலேசியாவில் அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளோடு முற்றாக நின்றது. அவ்வாண்டு ஜூலை 21 அன்று லங்காவித் தீவில் முதலில் நிறுத்தப்பட்டு, பின்னர் தீபகற்பத்தின் மாநிலங்களில் கட்டங்கட்டமாகக் குறைக்கப்பட்டு, இறுதியில் சபா, சரவாக் மாநிலங்களோடு முடிவடைந்த அந்தப் பணியில், 1963 டிசம்பர் 28 அன்று கோலாலம்பூரில் தொடங்கிய ஓர் ஒளிபரப்பு முறை ஏறத்தாழ 56 ஆண்டுகளுக்குப் பின் அணைந்தது. அந்த மாற்றத்தைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் கோபுரங்களின் பக்கம் நின்று எழுதப்பட்டவை. எத்தனை ஒளிபரப்பு நிலையங்கள், எவ்வளவு அலைக்கற்றை, எத்தனை பெட்டிகள் என்பவையே அவற்றின் கணக்கு. இவ்வுரை அதே மாற்றத்தை ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில் உள்ள செடெனாக் என்னும் சிற்றூரின் கூரைகளிலிருந்து பார்க்க முற்படுகிறது. அங்கிருந்து பார்த்தால் ஆண்டுக்கணக்கே மாறிவிடுகிறது. தோட்டப்புறத் தமிழ் வீடுகள் இலக்கவியல் ஒளிபரப்புக்கு மாறத் தொடங்கியது 1996இல். அரசு அனலாக்கை நிறுத்துவதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே, எவருடைய உதவியும் இன்றி, மாதந்தோறும் சொந்தப் பணத்தைக் கட்டி அவை மாறின. அதற்குக் காரணம் படத்தின் தெளிவு அன்று; மொழி.

செடெனாக்கைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணங்கள் உண்டு. கூலாய்க்கு வடக்கே, லாயாங் லாயாங் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த இவ்வூர், முதலில் ரப்பரும் பின்னர் செம்பனையும் சூழ வளர்ந்தது. இதன் பெயரையே தாங்கிய பெருந்தோட்டமும் செம்பனை ஆலையும் இங்கு உள்ளன. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் இறங்குவாய் ஒன்றும் இதன் பெயரில் இருக்கிறது. தெற்கே, கண்ணுக்கு எட்டும் தொலைவில், தென் ஜொகூருக்கான ஒளிபரப்புக் கோபுரத்தைத் தாங்கி நிற்கும் குனோங் பூலாய் மலை எழுகிறது. அம்மலைக்கும் அப்பால், நீரிணையைக் கடந்து, சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் ஒளிபரப்புக் கோபுரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இரண்டு நாடுகளின் அலைகள் வந்து சேரும் இடத்தில், தோட்டங்களின் நடுவே அமைந்த ஊர் இது. ஒளிபரப்பின் வரலாற்றை ஒரு வீட்டின் உயரத்தில் வைத்துப் படிக்க விரும்புவோருக்கு இதைவிட ஏற்ற இடம் மலேசியாவில் அரிது.

அனலாக் என்பது என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. படத்தின் ஒளி கூடும்போது அலையின் அளவு ஒரு பக்கம் நகர்ந்து, ஒளி குறையும்போது மறுபக்கம் நகர்ந்து, காட்சியின் ஏற்ற இறக்கத்தை அலையும் இடைவிடாமல் அப்படியே பின்பற்றிச் செல்லும் முறையே அனலாக். மலேசியா ஏற்றுக்கொண்ட பால் (PAL) என்னும் முறையில் ஒரு படம் 625 கிடைக்கோடுகளாகப் பிரிக்கப்பட்டு, நொடிக்கு 25 படங்கள் வீதம் அனுப்பப்பட்டது. அலை எதை அடைகிறதோ அதையெல்லாம் திரையும் காட்டியது என்பதே இம்முறையின் இயல்பு. வழியில் கலந்த இரைச்சல் திரையில் வெண்புள்ளிகளாய்ப் பெய்தது. மலையிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பிச் சற்றுத் தாமதமாக வந்த அலை, முகத்தருகே இன்னொரு மங்கிய முகமாய்த் தெரிந்தது. ஆனால் ஒலி அப்படிக் கெடவில்லை. படம் அலையின் வீச்சு மாற்றத்திலும் ஒலி அதன் அதிர்வெண் மாற்றத்திலும் ஏற்றி அனுப்பப்பட்டதால், படம் பாதி அழிந்த பின்பும் குரல் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த ஏற்பாடு பொறியாளர்களுக்கு ஒரு சிறு விவரம். தொலைவிலிருந்து வரும் தமிழ்ச் செய்திக்குக் காத்திருந்த வீடுகளுக்கோ, கேட்பதற்கேனும் ஏதோ இருந்தது என்பதற்கு அதுவே காரணம்.

அக்காலத்துக் கூரைகளில் நின்ற ஏரியல்கள் பெரியவை. தொடக்கக் கால ஒளிபரப்பு வி.எச்.எஃப் எனப்படும் மிகு அதிர்வெண் பகுதியில் நடந்தது. அதன் கீழ்ப்பகுதியில் அலையின் நீளம் 4 முதல் 6 மீட்டர் வரை இருக்கும். ஏரியலின் கம்பி அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி இருக்க வேண்டும் என்பதால், இரண்டு மூன்று மீட்டர் நீண்ட அலுமினியக் கம்பிகளை உயரமான கம்பத்தில் ஏற்றிக் கட்ட வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் மின்சாரமும் எந்நேரமும் இருந்ததில்லை. தோட்ட நிர்வாகத்தின் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஓடிய இடங்கள் பல. அங்கெல்லாம் 12 வோல்ட் கார் பேட்டரியில் ஓடும் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே பார்க்கக் கிடைத்தன. ஒரு லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அது அந்த லயத்துக்கே பெட்டி. வண்ண ஒளிபரப்பு 1978 டிசம்பரில் தொடங்கியபோது, அதைக் கறுப்பு வெள்ளையிலேயே பார்க்கவும் வழி இருந்தது. பழைய பெட்டியை எவரும் தூக்கி எறிய நேரவில்லை. பால் முறை பழைய பெட்டிகளோடு ஒத்துப்போகும்படி அமைக்கப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். பழையதை வாழவிட்டுப் புதியது வந்த அந்த நாகரிகம் 2019இன் மாற்றத்தில் இயலாததாயிற்று.

இந்தப் பெட்டிகளில் தமிழுக்குக் கிடைத்த நேரம் சிறிது. 1969 நவம்பரில் தொடங்கப்பட்ட இரண்டாம் அலைவரிசையே காலப்போக்கில் தமிழுக்கும் சீனத்துக்கும் உரிய இடமாயிற்று. அன்றாடத் தமிழ்ச் செய்தி, அவ்வப்போது ஒரு திரைப்படம், தீபாவளி, பொங்கல் நாட்களில் சிறப்பு நிகழ்ச்சிகள் என்பதே அதன் வரம்பு. தொலைக்காட்சி வைத்திருந்த ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணம் செலுத்தியது. 1999இல்தான் அது நீக்கப்பட்டது. கட்டணம் எல்லா வீட்டுக்கும் ஒன்று. கிடைத்த நேரமோ மொழிக்கு மொழி வேறு. ஆயினும் அந்தச் சிறிய நேரத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது. இரண்டாம் அலைவரிசையின் தமிழ்ச் செய்தி நேரம், லயத்து வீடுகளில் ஊர்ச் செய்தி நாட்டுச் செய்தியாகக் கேட்கப்பட்ட நேரம். செந்தமிழ் உச்சரிப்பு தோட்டத்துக் குழந்தையின் காதில் வானொலிக்கு அடுத்தபடியாக விழுந்த நேரமும் அதுவே.

தென் ஜொகூர் வீடுகளுக்கு இன்னொரு வழியும் இருந்தது. அலைக்குக் கடவுச்சீட்டு கிடையாது. 1963 பிப்ரவரியில் தொலைக்காட்சி தொடங்கிய சிங்கப்பூரின் ஒளிபரப்பு நீரிணையைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. அதன் 8ஆம் அலைவரிசையில் சீன நிகழ்ச்சிகளுக்கு இடையே தமிழ் நிகழ்ச்சிகள் நெடுங்காலம் இடம்பெற்றன. கம்பத்தைச் சற்றுத் தெற்கே திருப்பினால், செடெனாக் போன்ற ஊர்களில் படம் மழையில் நனைந்ததுபோல் வந்தாலும் குரல் வந்து சேரும். இதற்கு ஒப்பான நிலை தமிழ் உலகின் இன்னொரு நீரிணையிலும் இருந்ததை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது, சென்னை தூர்தர்ஷனின் அலை எட்டாத தமிழகத்தின் தென்கடற்கரை ஊர்களில் மக்கள் ஏரியலைக் கிழக்கே திருப்பி இலங்கை நிகழ்ச்சிகளைப் பார்த்தார்கள். கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷனின் உயர்திறன் கோபுரம் எழுந்த பிறகு யாழ்ப்பாணத்து வீடுகள் ஏரியலை மேற்கே திருப்பின. எல்லையில் வாழும் சிறுபான்மை மொழியினருக்கு அனலாக் அலையின் கசிவு ஒரு கொடையாக இருந்தது. யாரும் திட்டமிட்டுத் தராத கொடை என்பதால் அது எந்தக் கொள்கை ஆவணத்திலும் பதிவாகவில்லை, பறிபோனபோதும் பதிவாகவில்லை.

1996இல் நிலைமை மாறியது. அவ்வாண்டு ஜனவரியில் ஏவப்பட்ட மெசாட்-1 என்னும் செயற்கைக்கோளைக் கொண்டு ஆஸ்ட்ரோ நிறுவனம் வீட்டுக்கு நேரடிச் செயற்கைக்கோள் ஒளிபரப்பைத் தொடங்கியது. அது தொடக்கம் முதலே இலக்கவியல் முறையில் அமைந்தது. இலக்கவியல் முறை என்றால், படத்தையும் ஒலியையும் சுழி, ஒன்று என்னும் இரண்டே இலக்கங்களின் நெடுஞ்சரமாக மாற்றி, காட்சிக்குக் காட்சி மாறாத பகுதிகளைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல் சுருக்கி, வழியில் நேரும் பிழைகளைத் திருத்திக்கொள்ளும் கூடுதல் இலக்கங்களையும் சேர்த்து அனுப்புவது ஆகும். அந்தச் சரத்தை மீண்டும் படமாக விரிக்க வீட்டில் ஒரு கருவி வேண்டும். அதுவே மலேசிய வீடுகளில் டிகோடர் எனப் பெயர் பெற்ற பெட்டி. ஆகவே டிகோடர் என்னும் சொல் 2019இல் அரசு விளம்பரங்களோடு தமிழ் வீடுகளுக்குள் நுழையவில்லை. வானவில் என்னும் தமிழ் அலைவரிசையோடு 1996இலேயே நுழைந்துவிட்டது. பகலிலும் இரவிலும் தமிழ் ஒலிக்கும் ஓர் அலைவரிசை மலேசிய வீட்டுக்குள் வந்தது அதுவே முதல் முறை. சில ஆண்டுகளில் சன் டிவியும் அதே செயற்கைக்கோள் தட்டு வழியாக வந்து சேர்ந்தது.

தோட்டப்புறக் கூரைகளின் தோற்றமே இதனால் மாறிற்று. ஓங்கிய கம்பங்களுக்குப் பதிலாக, 60 சென்டிமீட்டர் அளவுள்ள தட்டுகள் சுவரோரத்தில் வரிசையாகப் பொருத்தப்பட்டன. செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நிற்பதால், ஜொகூரில் அத்தட்டுகள் கிட்டத்தட்டத் தலைக்கு மேலே வானத்தை நோக்கித் திரும்பியிருக்கும். இந்த ஒளிபரப்பு பயன்படுத்தும் கேயூ அலைப்பகுதியை அடர்ந்த மழை விழுங்கிவிடும் என்பதால், மாலை மழை தவறாத இந்நாட்டில், மழை வலுத்ததும் படம் உறைந்து, பின் காணாமல் போவது ஒவ்வொரு வீட்டுக்கும் பழகிப்போன ஒன்று. அதைப் பொறுத்துக்கொண்டார்கள். மாதக் கட்டணத்தையும் பொறுத்துக்கொண்டார்கள். பால் மரத்திலும் செம்பனைக் குலையிலும் கூலி கண்ட குடும்பங்கள், நாட்டின் பொது ஒளிபரப்பு தர முடியாத தமிழ் நேரத்தைத் தனியார் நிறுவனத்திடம் விலைகொடுத்து வாங்கின என்பதே இதன் பொருள். அதை நுகர்வு மோகம் என்று எழுதிச் சென்றவர்கள் உண்டு. அது நேர்மையற்ற மதிப்பீடு. மொழிக்காகச் செலவிடும் குடும்பத்தை ஆடம்பரக் குடும்பம் என்று சொல்லலாகாது.

கட்டணம் கட்ட இயலாத வீடுகள் ஏரியலோடு தங்கின. ஆக, 1996க்குப் பிறகு ஏரியல் வறுமையின் ஓர் அடையாளமாகவும் மாறியது. ஒரே லயத்தில் தட்டுள்ள வீட்டுக் குழந்தை நாள் முழுதும் தமிழ் கேட்க, தட்டில்லாத வீட்டுக் குழந்தை செய்தி நேரத்துக்குக் காத்திருந்தது. 2012 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட என்ஜோய் என்னும் சேவை இந்த இடைவெளியை ஓரளவு குறைத்தது. தட்டையும் டிகோடரையும் ஒரு முறை வாங்கிவிட்டால் மாதக் கட்டணமின்றிச் சில அலைவரிசைகளைக் காணலாம் என்ற அந்த ஏற்பாட்டில் தமிழுக்கும் இடம் இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் தரைவழி இலக்கவியல் ஒளிபரப்பு வந்தது. தரைவழி என்பது, செயற்கைக்கோளை நாடாமல், மலைமேல் நிற்கும் கோபுரத்திலிருந்து கூரைமேல் இருக்கும் ஏரியலுக்கு நேரே அனுப்பும் முறை. 2014இல் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் மைடிவி என்னும் நிறுவனத்தை நாடு முழுமைக்குமான பொதுக் கட்டமைப்பை அமைத்து நடத்தும் பொறுப்பில் அமர்த்தியது. 2017 ஜூனில் மைஃப்ரீவியூ என்ற பெயரில் சேவை முறைப்படி தொடங்கியது. இதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட டி.வி.பி-டி2 என்னும் தரம், ஐரோப்பாவில் உருவாகித் தென்கிழக்காசியாவின் பெரும்பகுதியில் பின்பற்றப்படுவது. அனலாக் முறையில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைக்கூற்றில் ஒரே ஓர் அலைவரிசைதான் செல்ல முடியும். புதிய தரத்தில் அதே அகலத்தில் பத்துக்கும் மேற்பட்ட சாதாரணத் தர அலைவரிசைகளை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பலாம். எதிரொலித்து வரும் அலைகளுக்குக் காத்திருக்கும் சிறு இடைவெளி ஒவ்வொரு துணுக்கிலும் விடப்படுவதால், பழைய இரட்டை முகம் திரையில் தோன்றாது. இந்த அலைப்பகுதியை மழையும் தொடாது. தட்டு வீட்டில் படம் உறையும் மாலை மழையில், எளிய ஏரியல் வைத்த வீட்டில் படம் தெளிவாக நிற்கும் என்பது இம்முறையின் அதிகம் பேசப்படாத சிறப்பு.

ஏழைக் குடும்பங்களுக்கு எந்த அளவு கைகொடுப்பது என்னும் கேள்வியை எல்லா நாடுகளும் எதிர்கொண்டன. 2009 ஜூனில் அனலாக்கை நிறுத்திய அமெரிக்கா, கேட்ட வீடுகளுக்கு ஒவ்வொன்றும் 40 டாலர் மதிப்புள்ள இரண்டு சீட்டுகளைக் கொடுத்தது. 2011 ஜூலையில் நிறுத்திய ஜப்பான், நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் சிதைத்த இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா ஆகிய மூன்று மாநிலங்களுக்கு மட்டும் 2012 மார்ச் வரை அவகாசம் அளித்தது. மலேசியா, அரசின் உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு 20 லட்சம் டிகோடர்களை இலவசமாக வழங்கும் திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாட்டில் இதே மாற்றம் கேபிள் கம்பியின் வழியே வந்தது. சென்னைக்கு 2012 அக்டோபர் 31 எனக் கெடு விதிக்கப்பட்டு, வழக்குகளில் இழுபட்டு, அரசு கேபிள் நிறுவனத்துக்கு 2017இல் இலக்கவியல் உரிமம் கிடைத்த பின்னரே செட்டாப் பாக்ஸ்கள் வீடுகளுக்கு இலவசமாக வழங்கப்படலாயின. இலங்கை முதலில் ஐரோப்பியத் தரத்தை நாடி, 2014இல் ஜப்பானியத் தரத்துக்கும் ஜப்பானியக் கடனுக்கும் இசைந்து, அதன் பின்னும் நெடுநாள் தயங்கி நின்றது. மலேசிய ஏற்பாட்டுக்கு மேன்மை ஒன்று உண்டு. பெட்டி கிடைத்துவிட்டால் அதன் பின் எவருக்கும் மாதக் கட்டணம் இல்லை. பொது ஒளிபரப்பு என்னும் கருத்து அந்த ஒரு விதியில் உயிரோடு இருக்கிறது, அதைப் பாராட்டாமல் கடந்து செல்வது முறையன்று.

வீட்டுக்குள் நிகழ்ந்த மாற்றம் வேறு வகை. பழைய பெட்டியோடு டிகோடரை இணைத்தால் ரிமோட் இரண்டாகிறது. ஒன்று பெட்டியை எழுப்ப, மற்றது அலைவரிசை மாற்ற. அரை நூற்றாண்டாகப் பொத்தானை அழுத்தினால் படம் வரும் என்று பழகிய முதியவர்களுக்கு, எந்தப் பெட்டி எந்த வாயிலில் இணைந்திருக்கிறது என்பது புதிய பாடம். பள்ளிப் பிள்ளையின் உதவி இன்றித் தொலைக்காட்சி பார்க்க இயலாத நிலை பல முதியோருக்கு நேர்ந்தது. நீண்ட வி.எச்.எஃப் கம்பிகள் பயனற்றுப் போயின. இலக்கவியல் ஒளிபரப்பு முழுதும் யு.எச்.எஃப் எனப்படும் மீ அதிர்வெண் பகுதிக்கு நகர்ந்துவிட்டதால், அரை மீட்டருக்கும் குறைந்த கம்பிகள் கொண்ட சிறிய ஏரியல் போதுமானதாயிற்று. குனோங் பூலாய் கண்ணெதிரே நிற்கும் செடெனாக்கில் இது எளிது. பள்ளத்தில், செம்பனை மரங்களின் மறைவில் அமைந்த குடியிருப்புகளுக்கு அவ்வளவு எளிதன்று.

ஏனெனில் இலக்கவியல் அலை சிறிது சிறிதாகத் தேய்வதில்லை. பிழைதிருத்தம் ஈடுகொடுக்கும் வரை படம் குறையின்றி நிற்கும். ஈடுகொடுக்க முடியாத எல்லையை அலை தொட்டதும் படமும் ஒலியும் ஒருங்கே அற்றுப்போகும். மலைச்சரிவு முடிந்து செங்குத்துப் பாறை விழுவதுபோன்ற இந்த வீழ்ச்சி, அனலாக் காலத்தின் பெருந்தன்மையை நேர் எதிராகக் காட்டுகிறது. படம் அழிந்தாலும் குரல் மிஞ்சும் என்ற நிலை இதில் இல்லை. தென் ஜொகூரில் இதன் விளைவு நீரிணையின் மறுகரையில் தொடங்கியது. சிங்கப்பூர் 2019 ஜனவரித் தொடக்கத்திலேயே தன் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டது. 2008 அக்டோபரில் தனி அலைவரிசையாக உருப்பெற்ற, நிகழ்ச்சிகளில் பெரும்பகுதியைத் தமிழில் வழங்கும் வசந்தமும் அதனோடு இலக்கவியலுக்குள் சென்றது. இரண்டு நாடுகளும் ஒரே டி.வி.பி-டி2 தரத்தைக் கொண்டதால், ஜொகூர் பாருவில் ஒரு மலேசியப் பெட்டியே சிங்கப்பூர் அலைவரிசைகளையும் விரித்துக் காட்டும். படம் முன்னெப்போதும் இல்லாத தெளிவோடு வரும். வடக்கே போகப் போக அந்தச் செங்குத்து விளிம்பு நெருங்குகிறது. செடெனாக் அவ்விளிம்பின் அருகில் உள்ள ஊர். அங்கே உயரமான ஏரியல் வைத்த வீட்டுக்கு அயல்நாட்டுத் தமிழ் அலைவரிசை முழுத் தெளிவோடு வரலாம்; அடுத்த வீட்டுக்கு ஒரு சொல்கூட வராமல் போகலாம். மங்கலாகவேனும் எல்லோருக்கும் கிடைத்தது, சிலருக்கு மட்டும் தெளிவாகக் கிடைப்பதாக மாறியது.

அனலாக் விட்டுச் சென்ற இடம் எங்கே போயிற்று என்பதும் கேட்கத்தக்கது. அரசுகள் இம்மாற்றத்தில் காட்டிய வேகத்துக்கு அந்த இடமே காரணம். தொலைக்காட்சி விலகியதால் காலியான 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி, தொலைவுக்குச் செல்லவும் சுவர்களை ஊடுருவவும் வல்லது. கைப்பேசி நிறுவனங்களுக்கு அது பொன்விளையும் நிலம். மலேசியாவில் அது பின்னர் டிஜிட்டல் நேஷனல் நிறுவனத்தின் 5ஜி கட்டமைப்புக்கு ஒதுக்கப்பட்டது. 2021 டிசம்பரில் அந்தச் சேவை தொடங்கியது. செடெனாக்கின் கதை இங்கே இன்னும் ஒரு திருப்பம் கொள்கிறது. செம்பனை நின்ற நிலத்தில், ஜொகூர் மாநில நிறுவனத்தின் முயற்சியில், செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா எழுந்திருக்கிறது. பிரின்ஸ்டன் டிஜிட்டல் குரூப் 150 மெகாவாட் திறனுக்குத் திட்டமிட்ட தரவு மையமும், யோண்டர் நிறுவனம் 300 மெகாவாட் அளவுக்குத் திட்டமிட்ட வளாகமும் அங்கே இடம்பெற்றுள்ளன. தரவு மையம் என்பது, இணையத்தில் ஓடும் படங்களையும் குரல்களையும் கணக்குகளையும் சேமித்து, கேட்ட நொடியில் அனுப்பும் கணினிக் கிடங்கு. பேட்டரியில் தொலைக்காட்சி ஓடிய லயங்களின் பக்கத்தில், ஒரு நகரத்துக்குப் போதுமான மின்சாரத்தை உண்டு உலகின் காட்சிகளை அனுப்பும் கட்டடங்கள் நிற்கின்றன. அந்த நிலத்தில் மூன்று தலைமுறை உழைத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இக்கட்டடங்களில் காவல், துப்புரவு வேலைகளுக்கு அப்பால் இடம் கிடைக்க வேண்டும். அதற்கான பயிற்சியைத் தருவது ஜொகூர் மாநிலத்தின் கடமை.

இலக்கவியல் ஒளிபரப்பு உண்மையான பொதுப்பணி ஆற்றிய ஒரு காலமும் உண்டு, அதை மறந்துவிடலாகாது. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வி அமைச்சின் பாடங்கள் ஏப்ரல் முதல் டிவி ஓக்கே அலைவரிசையில் ஒளிபரப்பாயின. 2021 பிப்ரவரி 17 முதல் என்டிவி7 அலைவரிசை முழுதும் டிடிக் டிவி என்னும் கல்வி அலைவரிசையாக மாற்றப்பட்டது. 1972இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் தொடர்ச்சியே அது. இணையக் கட்டணமும் கணினியும் இல்லாத வீடுகளில், அரசு தந்த டிகோடரும் சிறு ஏரியலும் பள்ளியின் இடத்தில் நின்றன. அனலாக் நீடித்திருந்தால் அந்த நெருக்கடியில் ஒரு முழு அலைவரிசையைக் கல்விக்கு விட்டுக்கொடுக்கும் வசதி நாட்டுக்கு இவ்வளவு எளிதில் கிடைத்திருக்காது. இலக்கவியல் மாற்றத்துக்கு வேறு எந்த நியாயமும் வேண்டாம். இது ஒன்றே போதும்.

ஆனால் அகன்ற அந்த வானத்தில் தமிழுக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வி, மாற்றம் திட்டமிடப்பட்ட ஆண்டுகளில் பெரிதாக எழவில்லை. 2019இல் அனலாக் முடிந்த நாளில், கட்டணமற்ற தரைவழிச் சேவையில் முழுநேரத் தமிழ் அலைவரிசை ஒன்றும் இல்லை. ஓர் அலைக்கூற்றில் ஒன்று மட்டுமே செல்ல முடிந்த காலத்தில், இடம் இல்லை என்ற விடைக்கு ஓரளவு பொருள் இருந்தது; பத்துக்கும் மேற்பட்டவை செல்லும் காலத்தில் அந்த விடை செல்லாது. தமிழ்ச் சமூகமும் வலுவாகக் கேட்கவில்லை. தமிழ் நேரத்தை ஏற்கெனவே விலைகொடுத்து வாங்கிக்கொண்டிருந்ததால், பொது வானத்தில் தனக்கு உரிமை உண்டு என்பதையே அது மெல்ல மறந்துவிட்டிருந்தது. தட்டு வந்த 1996, தமிழ் வீடுகளுக்குத் தந்ததும் பெரிது. அவற்றிடமிருந்து எடுத்துக்கொண்டதும் பெரிது.

முழு அலைவரிசை ஒன்றைத் தொடங்க நிகழ்ச்சித் தயாரிப்புக்குப் பெரும் பணம் வேண்டும் என்பது உண்மை. அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இலக்கவியல் முறையில் ஒரே படத்தோடு பல ஒலித்தடங்களை அனுப்பலாம்; பார்ப்பவர் ரிமோட்டில் தமக்கு வேண்டிய மொழியைத் தேர்ந்துகொள்வார். சப்டைட்டில் என்னும் எழுத்து வரிகளையும் அவ்வாறே மொழிக்கு மொழி தனித்தனியே அனுப்பலாம். ஒரு கூடுதல் ஒலித்தடத்துக்கு வேண்டிய அலை இடம், படத்துக்கு வேண்டியதில் மிகச் சிறு பங்கே. நாடாளுமன்ற உரை, வரவுசெலவுத் திட்டத் தாக்கல், வெள்ள எச்சரிக்கை, நோய்க்காலக் கட்டுப்பாட்டு அறிவிப்பு, கல்வி அலைவரிசையின் கணிதப் பாடமும் அறிவியல் பாடமும் ஆகியவற்றைத் தமிழ் ஒலித்தடத்தோடு வழங்க இந்நாட்டில் மொழிபெயர்ப்பாளர்களும் வானொலி அறிவிப்பாளர்களும் இருக்கிறார்கள், அரசுத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்.எம் அவர்களை நெடுங்காலமாக வளர்த்து வந்திருக்கிறது.

இந்த அவையில் அமர்ந்திருக்கும் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும், ஆலய நிர்வாகத்தாரும், தமிழ் இயக்கங்களின் பொறுப்பாளர்களும் இக்கோரிக்கையை எழுத்தில் வடித்து, தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கும் தொடர்புத் துறை அமைச்சுக்கும் இவ்வாண்டே அனுப்ப வேண்டும் என்று இவ்வுரை கேட்டுக்கொள்கிறது. கல்வி அலைவரிசையின் பாடங்களுக்குத் தமிழ் ஒலித்தடம் என்பதை அதன் முதல் வரியாக வைக்கலாம்.